கிரீடம் வைத்த வெள்ளை எனாமல் சிலுவை: எந்தக் காலம், எந்த அதிகாரி?

#1 கடற்கரைச்சாலை

வணக்கம். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டுச் சாமான் தொகுப்பிலிருந்து வந்த இரண்டு உருப்படிகள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஐந்து கைகள் கொண்ட வெள்ளை எனாமல் பதக்கம். ஒவ்வொரு கையும் நுனியில் இரண்டாகப் பிரிகிறது, நுனிகளில் சிறு குண்டுகள். கைகளுக்கு இடையே பச்சை எனாமல் இலை மாலை. மேலே கிரீடம், அது கீல் வைத்ததுபோல் முன்னும் பின்னும் ஆடுகிறது. நடுவட்டத்தில் ஒரு பக்கம் நெப்போலியன் தலை, மறுபக்கம் கழுகு. கிரீடம் நீங்கலாக அகலம் 40 மி.மீ. உடம்பு வெள்ளி, நடுவட்டம் மட்டும் மஞ்சள். இரண்டு நுனிகளில் எனாமல் சில்லு பெயர்ந்திருக்கிறது. சிவப்பு நாடா நைந்து போயிருக்கிறது, நாடாவில் முடிச்சு எதுவும் இல்லை.

இரண்டாவது, சிறு பெட்டிக்குள் கண்ணாடியில் எடுத்த படம், பின்னால் கறுப்புப் பூச்சு. பிரெஞ்சு அதிகாரி ஒருவர் நிற்கிறார். பதக்கங்கள் அவருடைய வலது மார்பில் இருக்கின்றன, அதாவது நமக்கு இடப்பக்கம். ஒன்று இதே மாதிரிச் சிலுவை, நாடா கறுப்பாகத் தெரிகிறது. மற்றது வட்டப் பதக்கம், வெளிர் நாடா, ஓரம் இரண்டும் கறுப்பு, நாடாவில் இரண்டு பட்டைகள். நமக்கு இடப்பக்கத் தோளில் மெல்லிய குஞ்சம் தொங்கும் தோளணி, மற்றத் தோளில் குஞ்சம் இல்லாத தோளணி.

கூட வந்த துண்டுச் சீட்டில் ‘வாட்டர்லூவில் போரிட்ட கேப்டன்’ என்று இருக்கிறது. இது சரியா? ஆள் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? எனாமலைச் சரிசெய்யலாமா?

#2 சாய்சதுரம்

பதக்கம் லெஜியோன் தொனேர், பிரான்சின் உயரிய அரசு விருது. அதில் சந்தேகம் இல்லை. வெள்ளி உடம்பு, முடிச்சில்லாத நாடா என்றால் செவாலியே தரம், அதாவது அடிப்படைத் தரம். அதற்கு மேல் ஒஃபிசியே. அது தங்கத்தில் இருக்கும், நாடாவில் ரொசெத் என்ற வட்ட முடிச்சு இருக்கும். கொமாந்தர் கழுத்தில் தொங்கும். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பதக்கத்தின் ‘ஒஃபிசியே’ தரமும் படையின் அதிகாரிப் பதவியும் ஒன்றல்ல. கேப்டனும் செவாலியேவாக இருக்கலாம், சாதாரணச் சிப்பாயும் செவாலியேவாக இருக்கலாம். 1802 மே 19-இல் போனபார்த் இதை நிறுவியபோதே, பதவி பார்க்காமல் கொடுப்பதுதான் இதன் புதுமை.

காலத்தை நடுவட்டமும் மேல்பகுதியும் சொல்லிவிடும். ஆட்சி மாறும்போதெல்லாம் இந்தச் சிலுவையின் முகம் மாறியது.

முதல் பேரரசு (1804–1814): நெப்போலியன் தலை, பின்னால் கழுகு, ‘ஓனர் எ பத்ரி’ வாசகம். ஆரம்ப வார்ப்புக்குக் கிரீடமே கிடையாது. 1806 வாக்கில் கிரீடம் வந்தது, முதலில் அசையாதபடி ஒட்டியது, பிறகு கீல் வைத்தது. நுனிக் குண்டுகளும் பிந்தைய வடிவத்தில்தான் வருகின்றன.

போர்போன் மன்னர்கள் திரும்பியதும் (1814) நெப்போலியன் போய் நான்காம் ஹென்றியின் தலை, பின்னால் மூன்று லில்லி மலர்கள், மேலே அரச கிரீடம். 1830-க்குப் பின் லூயி பிலிப் ஆட்சியில் ஹென்றி தலை அப்படியே நின்றது, பின்புறம் மட்டும் லில்லி போய் மூவர்ணக் கொடிகள் வந்தன. 1848 குடியரசு கிரீடத்தை எடுத்துவிட்டது. 1852-இல் மூன்றாம் நெப்போலியன் கிரீடத்தையும் கழுகையும் திருப்பிக் கொண்டுவந்தார். 1870-க்குப் பின் குடியரசின் பெண் தலை, 1870 என்ற ஆண்டு, கிரீடத்துக்குப் பதில் ஓக் இலையும் லாரல் இலையும் சேர்ந்த வளையம். 1951-இல் அந்த ஆண்டெண் மாறியது. இப்போது வழங்கப்படும் ஐந்தாம் குடியரசு வடிவத்தில் பின்புறம் ‘29 ஃப்ளோரெயால் ஆண்டு 10’ என்று நிறுவிய நாளே புரட்சி நாட்காட்டிப்படி பொறிக்கப்பட்டிருக்கும்.

ஆக உங்களுடையது முதல் பேரரசின் பிந்தைய வடிவம் அல்லது இரண்டாம் பேரரசு (1852–1870). இரண்டிலும் நெப்போலியன், கழுகு, ஆடும் கிரீடம், குண்டு நுனி உண்டு. வாட்டர்லூ என்று எழுதி விற்பவர்கள் நிற்பது இந்த ஒற்றுமையின் மேல்தான். பிரித்துச் சொல்ல உலோகத்தில் குத்திய தர முத்திரை வேண்டும்.

10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) எடுத்து, நாடா கோக்கும் வளையம், கிரீடத்தின் அடி, நுனிக் குண்டுகளின் பக்கவாட்டு ஆகிய இடங்களைப் பாருங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் குழி தெரியும். தேட வேண்டியவை:

காட்டுப்பன்றித் தலை: 1838 முதல் பாரிஸில் சிறு வெள்ளிப் பொருளுக்கு. நண்டு: அதே காலம், மாகாணங்களில். கழுகுத் தலை: 1838 முதல் தங்கத்துக்கு. முயல் தலை: 1819–1838 பாரிஸ் வெள்ளி. செம்மறிக்கடாத் தலை: 1819–1838 பாரிஸ் தங்கம். அன்னம், ஆந்தை: 1893 முதல் வெளிநாட்டிலிருந்து வந்த அல்லது மூலம் தெரியாத வெள்ளிக்கும் தங்கத்துக்கும். இவை தவிர சாய்சதுரக் கட்டத்துக்குள் எழுத்தும் சிறு சின்னமும் இருந்தால் அது செய்தவர் முத்திரை.

ஒரு எச்சரிக்கை. வளையத்தில் மட்டும் காட்டுப்பன்றி இருந்தால் முடிவு கட்டாதீர்கள். தேய்ந்து அறுந்த வளையத்தை 1838-க்குப் பின் மாற்றியிருந்தால், புது வளையத்தில் புது முத்திரைதான் இருக்கும், உடம்பு பழையதாக இருந்தாலும். கழற்ற முடியாத பாகத்தில் உள்ள முத்திரைதான் உடம்புக்குச் சாட்சி.

#3 கொலோடியன்

சிலுவையை விட்டுவிட்டுப் படத்துக்கு வருகிறேன். அதில்தான் அதிக விவரம் இருக்கிறது.

கண்ணாடியில் படம், பின்னால் கறுப்பு என்றால் ஆம்ப்ரோடைப். 1850-களின் நடுவிலிருந்து 1860-கள் வரை புழக்கத்தில் இருந்த முறை. பெரும்பாலான ஆம்ப்ரோடைப்பில் உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும். ஆகவே பதக்கம் வலது மார்பில் தெரிவது வினோதம் இல்லை. நிஜத்தில் அது விதிப்படி இடது மார்பிலேயே இருந்திருக்கிறது. உறுதிசெய்யக் கோட்டுப் பொத்தான்களைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணி மேலே வரும். படத்தில் அது தலைகீழாக இருந்தால் படம் திரும்பியதுதான்.

அடுத்து நாடாக்கள். இந்த முறையில் பயன்படும் கொலோடியன் பூசிய கண்ணாடித் தட்டு நீல ஒளியை மட்டுமே நன்றாக வாங்கும். சிவப்பும் மஞ்சளும் அதற்குக் கறுப்பு. அதனால் லெஜியோன் தொனேர் சிவப்பு நாடா கறுப்பாக வந்திருக்கிறது. வெளிர்நீலம் வெள்ளையாகிவிடும். அப்படியானால் ‘வெள்ளை நாடா, கறுப்பு ஓரம்’ என்பது நிஜத்தில் வெளிர்நீல நாடா, மஞ்சள் ஓரம். அது கிரிமியப் போருக்கு விக்டோரியா அரசி கொடுத்த பதக்கத்தின் நாடா. பிரிட்டன் தன் கூட்டாளியான பிரெஞ்சுப் படைக்கும் அதை வழங்கியது. நாடாவில் உள்ள பட்டைகளை லூப்பில் பாருங்கள்: ஓக் இலை வடிவமாக இருந்து, முனைகளில் ஓக் கொட்டை இருந்தால் ஐயமே இல்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் அதிகம் காணப்படும் பட்டைகளில் உள்ள போர்க்களப் பெயர்கள் ஆல்மா, இன்கர்மன், செபாஸ்டபோல். ‘மலக்கோஃப்’, ‘த்ராக்தீர்’ என்று எழுதியவை பிரிட்டன் கொடுத்தவை அல்ல. பிரெஞ்சு அதிகாரிகள் பாரிஸ் நகைக்கடைகளில் தாங்களே செய்து மாட்டிக்கொண்டவை. ஆனாலும் அதே காலத்துப் பொருள்கள்தான். அவற்றைப் போலி என்று ஒதுக்கக்கூடாது.

இப்போது தோளணி. இரண்டாம் பேரரசுக் காலாட்படையில் கேப்டனுக்கு இரண்டு தோளிலும் மெல்லிய குஞ்சம். லெப்டினென்டுக்கு இடத்தோளில் மட்டும் குஞ்சம். அதற்கு அடுத்த கீழ்ப்பதவியான சூ-லெப்டினென்டுக்கு வலத்தோளில் மட்டும். பட்டாலியன் தளபதிக்கும் இடத்தோளில் ஒன்றுதான், ஆனால் அது தடித்த முறுக்குக் குஞ்சம். உங்கள் படத்தில் குஞ்சமும் பதக்கமும் ஒரே பக்கம். பதக்கம் நிஜத்தில் இடது மார்பு என்றால் குஞ்சமும் இடத்தோள். மெல்லிய குஞ்சம் என்கிறீர்கள். எனவே அவர் லெப்டினென்ட். படம் திரும்பியதைக் கவனிக்காதவர் இவரைச் சூ-லெப்டினென்ட் என்று எழுதியிருப்பார். படம் எடுத்த அன்று கேப்டன் என்பதற்கு வாய்ப்பே இல்லை.

வாட்டர்லூ 1815. கிரிமியா 1854–56. வாட்டர்லூவில் 18 வயதில் நின்றிருந்தாலும் கிரிமியா முடியும்போது 59 வயது. அந்த வயதில் லெப்டினென்டாகப் போர்க்களத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். படத்தில் இருப்பவர் இளைஞரா?

#4 கடற்கரைச்சாலை

முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. கோட்டில் வலப்பக்கத் துணி மேலே வருகிறது. பட்டை முனைகளில் ஓக் கொட்டை தெரிகிறது, எழுத்து படிக்க முடியவில்லை.

#5 ஒதியஞ்சாலை

கொலோடியன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1859 ஆகஸ்டில் இத்தாலியப் போர்ப் பதக்கம் நிறுவப்பட்டது. சிவப்பு-வெள்ளைச் சிறு கோடுகள் போட்ட நாடா. படத்தில் அது இல்லை. ஆகவே படம் 1856-க்கும் 1859-க்கும் இடையில் எடுத்தது, அல்லது அவர் இத்தாலிக்குப் போகவில்லை. இரண்டையும் குறித்து வையுங்கள், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க இப்போது ஆதாரம் இல்லை.

எனக்கு ஒரு கேள்வி, இழைக்குப் பக்கத்துக் கேள்விதான். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் ஓவியங்களில் அணிந்திருக்கும் வெள்ளை எட்டு முனைச் சிலுவையைச் சிலர் சேன் லூயி சபையுடையது என்றும் சிலர் மால்டா சபையுடையது என்றும் எழுதுகிறார்கள். 1783-இல் கடலூருக்கு எதிரே ஆங்கிலேயக் கடற்படையோடு போரிட்டவர் என்பதால் நம் பக்கத்தில் அடிக்கடி வரும் பெயர். எது சரி?

#6 சாய்சதுரம்

சுஃப்ரென் மால்டா சபை என்ற கத்தோலிக்க வீரர் சபையின் உறுப்பினர், அதில் பாய்யி என்ற உயர் தரம். அதனால்தான் ‘பாய்யி தெ சுஃப்ரென்’ என்று அழைக்கப்படுகிறார். போர் முடிந்து திரும்பியதும் 1784-இல் சேன்தெஸ்ப்ரி, அதாவது பரிசுத்த ஆவி சபையிலும் சேர்க்கப்பட்டார். எட்டு முனைச் சிலுவை என்றால் மூன்று வாய்ப்பு உண்டு, பிரிப்பது எளிது.

மால்டா: நடுவில் உருவம் கிடையாது, வெறும் வெள்ளை எனாமல், நாடா கறுப்பு. சேன்தெஸ்ப்ரி: நடுவில் இறங்கும் புறா, நாடா வான்நீலம், மார்புக்குக் குறுக்கே போகும். சேன் லூயி: நடுவில் வலக்கையில் லாரல் மாலையும் இடக்கையில் முள்முடியும் பிடித்து நிற்கும் புனித லூயி மன்னர், பின்புறம் லாரல் மாலைக்குள் நுழைந்த வாள், நான்கு மூலைகளிலும் லில்லி, நாடா தீச்சிவப்பு. மூலையில் லில்லி இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பிரெஞ்சு மால்டா வீரர்களின் சிலுவையிலும் லில்லி வரும். நடுவட்டம்தான் தீர்ப்பு.

சேன் லூயி பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு அதிகாரியைப் புரிந்துகொள்ள அதுதான் திறவுகோல். பதினான்காம் லூயி 1693-இல் நிறுவினார். பிரபுக் குலத்தில் பிறக்காத அதிகாரிக்கும் கிடைத்த முதல் அரச சபை அது. ஆனால் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், அதிகாரியாகப் பத்தாண்டு சேவை வேண்டும். பிரெஞ்சுப் படையில் சுவிஸ், ஜெர்மன், ஸ்வீடிஷ் படைப்பிரிவுகளில் புராட்டஸ்டன்ட் அதிகாரிகள் ஏராளம். அவர்களுக்காக 1759-இல் பதினைந்தாம் லூயி ‘மெரித் மிலித்தேர்’ என்று தனியாக ஒன்றை நிறுவினார். புனிதர் உருவத்துக்குப் பதில் ஒரு பக்கம் வாள், மறுபக்கம் லாரல் மாலை, நாடா நீலம். 1814-இல் அந்த நாடாவும் சிவப்பாயிற்று. ஆகவே சிவப்பு நாடாவோடு மெரித் மிலித்தேர் வந்தால் ‘தப்பான நாடா’ என்று கழற்றி எறிய வேண்டாம்.

1793-இல் புரட்சி அரசு இந்தச் சிலுவைகளை ஒப்படைக்கச் சொன்னது, தங்கம் என்பதால் உருக்கப்பட்டவை பல. புரட்சிக்கு முந்தையவை அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். சந்தையில் வருபவற்றில் கணிசமானவை 1814–1830 காலத்தவை. செம்மறிக்கடாத் தலை முத்திரை இருந்தால் 1819-க்கு முன் போகவே முடியாது.

#7 நிரவிக்காரன்

எனாமல் பற்றி யாரும் பேசவில்லை. நகை எனாமல் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சில்லு போனால் சூளையில் வைத்துத் திரும்ப எனாமல் ஏற்ற ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். உங்கள் பத்தர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சரி.

காரணம் இதுதான். கண்ணாடி எனாமல் உருக ஏறக்குறைய 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளியும் செம்பும் கலந்த உலோகம் 779 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், பற்றவைத்த இணைப்புகள் அதற்கும் கீழே இளகும். கிரீடத்தின் கீல், நடுவட்டத்தின் விளிம்பு, நுனிக் குண்டுகள் எல்லாம் பற்றவைப்பில் நிற்பவை. சூளையில் வைத்தால் அவை அவிழும். விரிசல்களுக்குள் நூறாண்டு அழுக்கும் எண்ணெயும் இருக்கும். சூட்டில் அது கொதித்து நல்ல கையிலும் குமிழி கிளம்பும். நடுவட்டத்தைக் கழற்றினால்தான் சூளையில் வைக்க முடியும், அதைக் கழற்ற விளிம்பை நெம்ப வேண்டும். நெம்பிய தடம் பிறகு போகாது. ‘நடுவட்டம் மாற்றப்பட்டது’ என்று எவரும் சொல்ல அந்தத் தடமே போதும்.

குளிர் எனாமல், அதாவது நிறமேற்றிய எபாக்சி, வேறு கதை. சூடு தேவையில்லை, பின்னால் எடுத்துவிடலாம். ஆனால் அது மஞ்சளடிக்கும். வெள்ளைச் சிலுவையில் மூன்று நான்கு ஆண்டில் பல்லில் கறை படிந்ததுபோல் தனியாகத் தெரியும். சில்லு அப்படியே இருக்கட்டும் என்பதே என் கருத்து.

#8 கொலோடியன்

நிரவிக்காரரோடு பாதி உடன்படுகிறேன். சில்லு போன ஓரம் கூர்மையாக இருந்து, துணி மாட்டி மேலும் பெயர்த்தால்? அந்த ஓரத்தை மட்டும் பிடித்து நிறுத்த, திரும்பக் கரைக்கக்கூடிய அக்ரிலிக் பசையை மிக மெல்லிய தூரிகையால் விரிசலில் விடுவது அருங்காட்சியகப் பராமரிப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72, ஐந்து முதல் பத்து சதவீதம். நிறம் சேர்க்கக் கூடாது, பள்ளத்தை நிரப்பவும் கூடாது. பிடிமானம் மட்டுமே நோக்கம்.

#9 நிரவிக்காரன்

பிடிமானத்துக்கு மட்டும் என்றால் சரி, அதற்கு எதிர்ப்பில்லை. ஆனால் செய்ததை எழுதி வைக்க வேண்டும்.

பழைய பழுதுபார்ப்பைக் கண்டுபிடிக்கப் புறஊதா விளக்கு, 365 நானோமீட்டர். இருட்டறையில் அடித்தால் எபாக்சி பெரும்பாலும் பால்போல அல்லது நீலமாக ஒளிரும். சில பழைய எனாமலும் லேசாக ஒளிரும் என்பதால், ஒளிர்கிறதா என்று பார்க்காதீர்கள். ஐந்து கைகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கை மட்டும் வேறுபட்டால் அது பின்னால் போட்டது. நாடாவையும் அதே விளக்கில் பாருங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது, அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நாடா அல்லது தையல் நூல்.

சுத்தம் செய்வதில் கெட்டுப்போவதுதான் அதிகம். அல்ட்ராசானிக் தொட்டி விரிசல் விட்ட எனாமலை உதிர்த்துவிடும். வெள்ளி முக்கும் திரவம் விரிசலுக்குள் போய் உட்கார்ந்து உள்ளிருந்து அரிக்கும், எனாமல் ஓரத்தில் சாம்பல் கோடு வந்தால் அதுதான். பற்பசை, சமையல் சோடா எல்லாம் முத்திரையைத் தேய்த்து அழிக்கும். காய்ச்சி வடித்த நீரில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்து, உலோகத்தை மட்டும் துடைத்து உடனே ஒற்றி எடுங்கள். வெள்ளியின் கறுப்புப் படலத்தை விட்டுவிடுங்கள், அது பொருளின் வயது.

கடலோர ஊர் என்பதால் வைக்கும் விதமும் முக்கியம். மரப்பெட்டி வேண்டாம், குறிப்பாக ஓக், தேக்கு. மரத்திலிருந்து வரும் அமில ஆவி பித்தளை, வெண்கலப் பதக்கத்தைப் பச்சையாக்கும். பழைய நாணய ஆல்பத்தின் மென்மையான பி.வி.சி. உறையும் அதையே செய்யும். பாலிப்ரொப்பிலின் டப்பா, அமிலமற்ற தாள், சிலிகா ஜெல். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஈரத்தைத் திருப்பி விடும். பட்டு நாடாவை மடிக்காதீர்கள், மடித்த கோட்டில் இழை அறும்.

#10 காரைமேடு

எனக்கும் ஒரு உருப்படி. ‘க்ருவா தெ கேர்’, அதாவது பிரெஞ்சுப் போர்ச் சிலுவை, பின்புறம் 1914–1917. நாடாவில் ஒரு வெண்கலப் பனையோலை, ஒரு வெள்ளி நட்சத்திரம். கூடவே நீலமும் வெள்ளையும் கலந்த நாடாவில் வெள்ளிப் பதக்கம், ‘மெதாய் கொலோனியால்’ (காலனிப் பதக்கம்) என்று இருக்கிறது, ‘தொன்க்கேன்’ (இன்றைய வட வியட்நாம்) என்று எழுதிய பட்டை. இரண்டும் ஒரே ஆளுடையது என்று விற்றார்கள். நம்பலாமா?

#11 ஒதியஞ்சாலை

க்ருவா தெ கேர் 1915 ஏப்ரல் 8 சட்டத்தால் வந்தது. போர் எப்போது முடியும் என்று தெரியாததால் பின்புற ஆண்டு வார்ப்பு வாரியாக மாறியது: 1914–1915, 1914–1916, 1914–1917, கடைசியில் 1914–1918. அது செய்யப்பட்ட காலத்தைச் சொல்கிறது. பாராட்டுப் பெற்ற ஆண்டை அது நிச்சயிக்காது.

நாடாவில் இருக்கும் சின்னங்கள்தான் பேசுபவை. சிறிய படை அலகிலிருந்து பெரியது வரை வரிசை இது: வீரத்தைப் பாராட்டிப் படைப்பிரிவு அல்லது பிரிகேட் உத்தரவில் பெயர் வந்தால் வெண்கல நட்சத்திரம், டிவிஷன் என்றால் வெள்ளி நட்சத்திரம், கோர் என்றால் தங்கமுலாம் நட்சத்திரம், ஆர்மி அளவில் வந்தால் வெண்கலப் பனையோலை. ஐந்து வெண்கல ஓலைக்குப் பதில் ஒரு வெள்ளி ஓலை போட்டுக்கொள்ளலாம். ஆகவே உங்களுடைய பதக்கக்காரர் குறைந்தது இரண்டு முறை உத்தரவில் பெயர் பெற்றவர், ஒன்று ஆர்மி, ஒன்று டிவிஷன். ஆனால் இந்தச் சின்னங்களைப் பின்னால் எவரும் குத்திக்கொள்ளலாம். நாடாவின் பின்புறம் திருப்பி, முள் போன ஓட்டையைச் சுற்றித் துரு அல்லது பச்சைக் கறை நாடாவில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமான ஓட்டை என்றால் அண்மையில் குத்தியது.

மெதாய் கொலோனியால் 1893 ஜூலையில் வந்தது. ஒரே ஆள் இரண்டையும் பெற்றிருக்க முடியும், காலம் இடிக்கவில்லை. ஆனால் ‘முடியும்’ என்பது ‘பெற்றார்’ ஆகாது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறிப்பது வழக்கம். பிரெஞ்சுப் பதக்கங்களில் பொதுவாகப் பெயரே இருக்காது. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களிலிருந்து பிரெஞ்சுப் படையில் போய் இந்தோசீனா வரை சேவை செய்தவர்கள் நிறையப் பேர். அந்த வீடுகளில் பதக்கத்தோடு சேவைப் புத்தகமும் ஓய்வூதியத் தாளும் இருக்கும். பதக்கத்தை விற்றுவிட்டுத் தாளைக் குப்பையில் போடுவது மனசை அறுக்கும் விஷயம். தாள் போனால் அந்தப் பதக்கம் பெயரற்ற உலோகம்.

இன்னொன்று. நூறாண்டு கடந்த பொருளை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. வெளிநாட்டு வாங்குபவருக்கு அனுப்புவதற்கு முன் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

#12 சாய்சதுரம்

பெயர் தேடும் வழிக்கு வருகிறேன். முதல் கேள்வியும் அதுதானே.

கடற்கரைச்சாலை, படத்தை 1200 டி.பி.ஐ.க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள், பின்பூச்சு உரியும். கணினியில் இடவலம் திருப்புங்கள். இரண்டாம் பேரரசுக் காலாட்படைப் பொத்தானில் படைப்பிரிவு எண் இருக்கும். தொப்பி கையிலோ மேசையிலோ இருந்தால் அதிலும் எண்ணைத் தேடுங்கள்.

எண் கிடைத்தால் ‘அன்யுவேர் மிலித்தேர்’ என்ற ஆண்டுப் படைப் பட்டியல். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிக்கா தளத்தில் பல ஆண்டுகள் இலவசமாக இருக்கின்றன. ஒவ்வொரு படைப்பிரிவிலும் அதிகாரிகள் பதவிவாரியாக வரிசையாக இருப்பார்கள். லெஜியோன் தொனேர் பெற்றவர் பெயருக்குப் பக்கத்தில் குறி இருக்கும். 1856, 1857, 1858, 1859 நான்கையும் எடுத்து, அந்தப் படைப்பிரிவின் லெப்டினென்டுகளில் செவாலியே குறி உள்ளவர்களை மட்டும் எழுதுங்கள். லெப்டினென்ட் வயதிலேயே சிலுவை வாங்கியவர்கள் ஒரு படைப்பிரிவில் சிலர்தான் இருப்பார்கள். பட்டியல் சட்டென்று சுருங்கும்.

அந்தப் பெயர்களை லெயோனோர் தரவுத்தளத்தில் போடுங்கள். 1977-க்கு முன் இறந்த லெஜியோன் தொனேர் உறுப்பினர்களின் கோப்புகள் அதில் உள்ளன. பிறப்புச் சான்று, சேவைப் பட்டியல், கலந்துகொண்ட போர்கள் எல்லாம் இருக்கும். ஒரு பள்ளம் உண்டு: 1871 மே மாதம் பாரிஸ் கம்யூன் கலவரத்தில் லெஜியோன் தொனேர் மாளிகை எரிந்தது, கோப்புகளும் போயின. பிறகு உறுப்பினர்களிடமும் குடும்பங்களிடமும் நகல் கேட்டுத் திரும்பக் கட்டினார்கள். 1871-க்கு முன் இறந்தவர் கோப்பு மெலிந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். லெயோனோரில் பெயர் இல்லை என்பதால் அவருக்குச் சிலுவை கிடைக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அங்கே கிடைக்காவிட்டால் வேன்சேன் கோட்டையில் உள்ள பாதுகாப்புத் துறை வரலாற்று ஆவணகம். அதிகாரிகளின் தனிக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. பெயர், பிறந்த ஆண்டு, படைப்பிரிவு மூன்றும் கையில் இல்லாமல் எழுதினால் பதில் வராது.

#13 கடற்கரைச்சாலை

எல்லோருக்கும் நன்றி. பார்த்ததைச் சொல்கிறேன். வளையத்தில் காட்டுப்பன்றித் தலை தெளிவாக இருக்கிறது. கிரீடத்தின் அடியில் பட்டையான இடத்திலும் ஒன்று இருக்கிறது, பாதி தேய்ந்தது, ஆனால் மூக்கும் காதும் அதேதான். சாய்சதுரம் ஒன்று பக்கத்தில் உண்டு, எழுத்து படிக்க முடியவில்லை. புறஊதாவில் ஐந்து கையும் ஒரே மங்கல், நாடா ஒளிரவில்லை. பொத்தானில் இரண்டு இலக்க எண், முதல் இலக்கம் 3 என்று நினைக்கிறேன், அடுத்தது 4 அல்லது 9.

#14 சாய்சதுரம்

கிரீடம் ஆடும் வகை என்பதால் அதுவும் மாற்றக்கூடிய பாகம்தான். ஆனால் வளையமும் கிரீடமும் ஒரே முத்திரை, எனாமல் ஐந்து கையிலும் ஒன்று, நடுவட்ட விளிம்பில் நெம்பிய தடம் இல்லை என்றால் இரண்டாம் பேரரசு என்று உறுதியாக எழுதலாம். அந்த விளிம்பை மட்டும் இரண்டு பக்கமும் லூப்பில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். 1814-இலும் 1815-இலும் ஆட்சி மாறியபோது அதிகாரிகள் தங்கள் சிலுவையில் நடுவட்டத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அப்படிப்பட்டவை மதிப்புள்ளவை. உங்களுடையது அந்தக் காலத்தது அல்ல என்பதால், தடம் இருந்தால் அது பிற்காலக் கைவேலை.

எண்ணுக்கு: 34, 39 இரண்டு படைப்பிரிவுகளையும் எடுங்கள். அந்த ஆண்டுகளில் கிரிமியாவுக்குப் போனது எது என்று பார்த்தாலே ஒன்று விழுந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

#15 கொலோடியன்

ஒரு வேண்டுகோள். ஆள் கிடைத்தாலும், சிலுவைக்கு ஒரு சீட்டு, படத்துக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாகவே எழுதுங்கள். படத்தில் இருப்பவர் அணிந்தது இதே வகைச் சிலுவை என்பது நிச்சயம், இதே சிலுவை என்பதற்கு அவை ஒரே வீட்டிலிருந்து வந்தன என்பது மட்டும்தான் ஆதாரம். எந்த வீடு, எந்த அலமாரி, வேறு என்னென்ன கூட இருந்தன என்பதை விற்றவரிடம் இப்போதே கேட்டுத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். வாட்டர்லூ சீட்டையும் எறிய வேண்டாம், பின்னால் ‘தவறான குறிப்பு’ என்று பென்சிலில் எழுதிச் சேர்த்தே வையுங்கள்.